துவைத்த தண்ணீரோடு போகும் வெள்ளி

நீங்கள் கேட்டவை இரண்டு. காங்கேயம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறீர்கள். ‘கிருமி அண்டாது, வியர்வை நாற்றம் வராது’ என்று அட்டையில் எழுதிய சாக்ஸும் பனியனும் மகன் வாங்கி வருகிறான். துவைத்த தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் போகிறது. அந்தத் துணியில் நானோ வெள்ளி, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள், இருக்கிறதாம், அது தண்ணீரில் இறங்கி மரத்தையும் கிணற்றையும் கெடுக்குமா என்பது முதல் கேள்வி. திருப்பூரில் ஃபினிஷிங் ஜாப் ஒர்க் (பிறர் துணியைக் கூலிக்குப் பதப்படுத்தித் தருவது) செய்யும் உங்கள் கொழுந்தனாருக்கு அதே மருந்தைத் துணிக்கு ஏற்றும் ஆர்டர் வந்திருக்கிறது. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்தது மறுபடியும் நேருமா என்பது இரண்டாவது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் தென்னைக்கு ஒன்றும் ஆகாது. கிணற்றுத் தண்ணீருக்கும் இதனால் கேடு வராது. கொழுந்தனாரின் பட்டறையில் அந்த மருந்து எப்படி ஏற்றப்படுகிறது, அந்தத் துணி விற்றுப்போன பிறகு எந்த ஊர்ச் சாக்கடையில் அலசப்படுகிறது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. சாயப்பட்டறை ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளியை முதன்முதலாகத் துணிக்கு ஏற்றிப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மருந்து விற்பவர் கொண்டுவந்த கேனைத் திறந்து பீக்கரில் ஊற்றினோம். வெள்ளி என்றதும் பளபளப்பாக ஏதோ வரும் என்று எதிர்பார்த்தோம். வந்தது நீர்த்த வரக்காப்பி நிறத்தில் ஒரு திரவம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இந்தத் துகள்கள் நூறு நானோமீட்டருக்கும் கீழே. அவ்வளவு சிறிதாகும்போது வெள்ளி ஒளியின் நீலப் பகுதியை விழுங்கிக்கொள்ளும், மிஞ்சுவது மஞ்சளாகத் தெரியும்.

அந்தத் திரவத்தை, துணியோடு ஒட்டவைக்கும் பசையான பைண்டரோடு கலந்து பேடிங் மேங்கிள் தொட்டியில் ஊற்றினோம். வெளுத்த பருத்திப் பின்னல் துணியை அதில் முக்கி, ரப்பர் உருளைகளுக்கு நடுவே பிழிந்து, துணியை விரித்துச் சூடேற்றும் ஸ்டென்டர் இயந்திரத்தில் 150 டிகிரிச் சூட்டில் ஓட்டினோம். வெளியே வந்த வெள்ளைத் துணியில் மெல்லிய மஞ்சள் ஏறியிருந்தது. ஆர்டர் கொடுத்த பையர் ஒப்புக்கொள்ளவில்லை. லாட் முழுவதையும் சோப்புப் போட்டு மறுபடி அலசினோம். மஞ்சள் போய்விட்டது. அலசிய தண்ணீர் இளமஞ்சளாக வடிகாலில் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இறங்குவது விலை கொடுத்து வாங்கி ஏற்றிய வெள்ளி என்பது உறைத்தது. அந்தப் பட்டறையின் குழாய் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிற்று. அன்றைக்குப் பட்டறையில் இறங்காமல் இருந்திருந்தால், அதே வெள்ளி துணியை வாங்கியவர் வீட்டில் முதல் ஐந்தாறு சலவையில் இறங்கியிருக்கும். அந்த வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்பதை யார் பார்த்தார்கள்?

இது என் பட்டறையில் மட்டும் நடந்த கதை இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ட்ராய் பென், பால் வெஸ்டர்ஹாஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடைகளில் விற்ற ஆறு வகை சாக்ஸை வாங்கித் தண்ணீரில் ஊறவைத்து அலசிப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அதிகபட்சமாக ஒரு கிராம் சாக்ஸில் 1,360 மைக்ரோகிராம் வெள்ளி இருந்தது. அரை லிட்டர் தண்ணீரில் 650 மைக்ரோகிராம் வரை இறங்கியது. சில சாக்ஸ் நான்கைந்து அலசலில் ஏறக்குறைய எல்லாவற்றையும் விட்டுவிட்டது. சிலவற்றில் பெயருக்குத்தான் இறங்கியது. மறு வருடம் சுவிட்சர்லாந்தின் எம்ப்பா ஆய்வு நிறுவனத்தினர் ஒன்பது வகைத் துணிகளைச் சலவைத் தூளோடு, இயந்திரத்தில் புரள்வது போலவே புரட்டி அலசினார்கள். முதல் சலவையிலேயே துணியிலிருந்த வெள்ளியில் 1.3 சதவீதத்திலிருந்து 35 சதவீதம் வரை வெளியேறியது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். ஒரே உலோகம், ஒரே சலவை; இழப்பு மட்டும் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. நூல் நூற்கும்போதே இழைக்குள் வைத்து இழுத்த வெள்ளி எளிதில் கழலாது. துணி தயாரான பிறகு மேலே பூசி ஒட்டிய வெள்ளி, பைண்டர் தேய்ந்ததும் உரிந்து வந்துவிடும். திருப்பூரில் ஜாப் ஒர்க்கில் செய்வது பெரும்பாலும் இரண்டாவது வகை.

சுவிஸ் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. வெளியேறிய வெள்ளியில் பாதிக்கு மேல் 450 நானோமீட்டரைவிடப் பெரிய துணுக்குகளாக வந்தது. அதாவது தண்ணீரில் கரைந்ததைவிட, உரசலில் பெயர்ந்து வந்ததே அதிகம். பைண்டர் செதிலும் இழைத் துணுக்கும் வெள்ளியைச் சுமந்துகொண்டு வருகின்றன. இயந்திரத்தில் மெதுவாகப் புரளும் துணிக்கே இந்தக் கதி. நாம் துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்து, பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம். பிறகு வெள்ளைத் துணி என்று பிளீச்சிங் பவுடர் கரைசலிலும் போடுகிறோம். சலவைத் தூளின் காரத்தில் வெள்ளி அதிகம் கரையாது. வெளுப்பான் பட்டால் நிலைமை வேறு. பிளீச்சிங் பவுடரில் உள்ள ஹைப்போகுளோரைட் வெள்ளியை அரித்து வெள்ளிக் குளோரைடாக மாற்றுகிறது.

இனி உங்கள் தென்னைக்கு வருகிறேன். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு ஜோடி சாக்ஸ் 50 கிராம். அமெரிக்க ஆய்வில் கண்ட உச்ச அளவே அதில் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் மொத்த வெள்ளி 68 மில்லிகிராம். அத்தனையும் ஒரே மரத்தின் வட்டப்பாத்தியில் இறங்குகிறது என்று கொள்வோம். ஒரு மீட்டர் ஆரம், ஓரடி ஆழம் உள்ள பாத்தியில் மண் 1,300 கிலோவுக்குக் குறையாது. கிலோ மண்ணுக்கு 0.05 மில்லிகிராம் வெள்ளி சேரும். பூமியின் மேலோட்டில் சராசரியாகவே கிலோவுக்கு 0.07 மில்லிகிராம் வெள்ளி கிடக்கிறது. சாணமும் மட்கும் போட்ட மண் வெள்ளியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அது கீழே கிணறுவரை இறங்குவது மிகவும் அரிது. குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளி வரை நம் இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. மனித உடல் இந்த அளவு வெள்ளியைத் தாங்கும்.

உங்கள் மரத்துக்கு உண்மையான எதிரி அதே வாளியில்தான் இருக்கிறது. சலவைத் தூளில் உள்ள சோடியத்தைச் சொல்கிறேன். காங்கேயம் பக்கத்து போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பு. அதோடு தூளின் சோடாவும் நாள்தோறும் சேர்ந்தால் மண் இறுகி, மேலே வெள்ளை பூத்து, தண்ணீர் இறங்காமல் தேங்கும். சலவைத் தண்ணீரை ஒரே மரத்துக்கு விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள். பாத்தியில் நிறையச் சாணமும் தழையும் போடுங்கள். வெள்ளிக்குச் செய்ய வேண்டியதைவிட இது பத்து மடங்கு அவசரம்.

வெள்ளி மண்ணிலும் சாக்கடையிலும் என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். கொலுசைப் பாருங்கள். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் பட்டு அது கறுத்துப் போகிறது. அந்தக் கறுப்புதான் வெள்ளி சல்ஃபைடு. தண்ணீரில் ஏறக்குறையக் கரையாத பொருள் அது. மூடிய சாக்கடையில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அதுவும் கந்தகம்தான். சலவையில் இறங்கிய வெள்ளி அந்தச் சாக்கடைக்குள் சில மணி நேரம் கிடந்தாலே கொலுசு கறுப்பதுபோல மேலே சல்ஃபைடு படியத் தொடங்கும். அதன் நச்சும் பெருமளவு அடங்கிவிடும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பார்த்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. வெள்ளியின் பெரும்பகுதி சல்ஃபைடாகி, வண்டலோடு அடியில் தங்குகிறது.

அப்படியானால் கவலை எதற்கு என்று கேட்பீர்கள். கிருமியைக் கொல்வது துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டத்தோடு தண்ணீரில் கரைந்த வெள்ளி அணு. அது புரதத்திலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு, நுண்ணுயிரின் மூச்சையே நிறுத்துகிறது. சாக்ஸில் இருக்கும் கிருமிக்கும் குளத்தில் இருக்கும் உயிருக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. மனிதன் தாங்கும் அளவைக் குளம் தாங்காது. நீர்த்தெள்ளு என்று ஒரு சிற்றுயிர். பாசியைத் தின்று, மீன் குஞ்சுக்கு இரையாவது. லிட்டருக்கு ஒரு சில மைக்ரோகிராம் வெள்ளி அயனி போதும், அது செத்துவிடும். நாம் குடிக்கலாம் என்று அனுமதித்திருக்கும் அளவில் நூறில் ஒரு சில பங்கு அளவில்தான் இந்தச் சாவு. மீனின் செவுளில் உப்பை உள்ளிழுக்கும் வேலையையும் வெள்ளி அயனி தடுத்துவிடும். சாக்கடையின் கந்தகத்தைச் சந்திக்காமல், துவைத்த இடத்திலிருந்து நேராக வாய்க்காலிலும் குளத்திலும் கலக்கும் தண்ணீரில்தான் இந்த ஆபத்து இருக்கிறது. ஆற்றங்கரைக் குடியிருப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளும் முழு நிம்மதி இல்லை. அங்கே அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு. மெதுவாகப் பெருகுபவை, நஞ்சு பட்டால் முதலில் சுணங்குபவை. வெள்ளித் துகள் அவற்றின் வேலையைக் குறைக்கிறது என்பது ஆய்வகத்தில் நிரூபணமான ஒன்று. வண்டலில் தங்கிய வெள்ளியும் ஒரேயடியாகத் தொலைந்துவிடவில்லை. அந்த வண்டலை உரமாக வயலில் கொட்டினால் வெள்ளி மண்ணுக்கு வரும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிறிதளவு நானோ வெள்ளி கலந்த வண்டலைத் திறந்தவெளித் தொட்டிகளில் இட்டபோதே சில செடிகளின் வளர்ச்சியும் மண்ணின் நுண்ணுயிர்களும் பாதிக்கப்பட்டன. ஒரு சாக்ஸ் தென்னையை ஒன்றும் செய்யாது. ஒரு நகரமே துவைக்கும் சாக்ஸின் வெள்ளி ஒரே வண்டலில் கூடி, ஒரே வயலில் விழுவது வேறு கணக்கு.

நம் ஊர்த் தண்ணீரின் உப்பு இதில் என்ன செய்யும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். சாயப்பட்டறை ஆய்வகத்தில் தினமும் காலையில் நடக்கும் முதல் சோதனையே இதற்குப் பதில். போர் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று பார்க்க சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் பால்போல ஒரு புகை எழும்பும். அது வெள்ளிக் குளோரைடு. குளோரைடு தீர்ந்ததும், அடையாளம் காட்டுவதற்காகச் சேர்த்த குரோமேட்டோடு சேர்ந்து செங்கல் நிறம் வரும், அங்கே நிறுத்துவோம். சலவை வாளியிலும் இதே வேதியியல்தான். உப்புத் தண்ணீரில் இறங்கும் வெள்ளி அயனியின் பெரும்பகுதி குளோரைடாகிப் படிந்துவிடும், அந்த அளவுக்கு நல்லது. ஆனால் உப்பு மிக அதிகமான கழிவுநீரில், படிந்த அதே குளோரைடு இன்னும் குளோரைடைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கரையும். சாயக்கழிவில் உப்பு எந்த அளவுக்கு இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டி முடித்த அணை பாசனத்துக்காக எழுந்தது. சில வருடங்களில் அதில் சாயத் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. அவர்கள் நடத்திய வழக்கில்தான் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்த அந்த மாதங்களை நான் மறக்கமாட்டேன். அதன் பிறகே ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை கண்டிப்பாக நிலைத்தது. உயிரியல் தொட்டி, ஆர்.ஓ. சவ்வு, ஆவியாக்கி என்று தண்ணீரைத் திரும்ப எடுத்து, உப்பையும் மீட்கிறார்கள்.

அந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக் குழாய்க்குள் வந்துவிட்டால் வெள்ளியும் அகப்பட்டுக்கொள்ளும். வண்டலில் தங்கும், ஆற்றுக்குப் போகாது. அந்த அளவில் நொய்யல் கதை அப்படியே திரும்பாது என்று உங்கள் கொழுந்தனாரிடம் சொல்லலாம். சாயத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்: சாயக் கழிவு பெரும்பாலும் பட்டறையிலேயே முடிந்துவிடும், வெள்ளியோ துணியில் ஏறிப் பட்டறையைத் தாண்டி வீட்டுக்குப் போய், அங்கே துவைக்கும்போது இறங்குகிறது. பல கோடி ரூபாய் செலவில் போட்ட குழாய் அந்த வீட்டின் புறக்கடைவரை வருவதில்லை. ஏற்றுமதியாகும் பனியனின் வெள்ளி ஹாம்பர்க்கிலோ மிலானிலோ இறங்கும். அங்கே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் வாங்கும் அதே பனியனின் வெள்ளி நம் தெருச் சாக்கடையில் இறங்கும். கோவையிலும் திருப்பூரிலும் வீட்டுக் கழிவுநீரில் ஒரு பங்கு சுத்திகரிப்பைப் பார்க்காமலே நொய்யலைச் சேர்கிறது.

மற்ற நானோப் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயில் தடுக்கும் துணியில் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு பாலியஸ்டர் இழையிலேயே பளபளப்பைக் குறைக்கக் காலங்காலமாகக் கலந்து வருவது. பெரும்பாலும் இழைக்குள்ளேயே இருந்துவிடும். துத்தநாக ஆக்சைடு தண்ணீரில் ஓரளவு கரையும், பாசிகளுக்கு ஆகாது; அதைக் கவனிக்க வேண்டும். ‘எங்கள் வெள்ளி நானோ இல்லை, சாதாரண வெள்ளி’ என்று விற்பவர் சொன்னால் அதில் பெரிய ஆறுதல் இல்லை. சாதாரண வெள்ளி ஏற்றிய துணியை அலசிய தண்ணீரிலும் நானோத் துகள்கள் உருவாகியிருந்ததை 2014இல் சுவிஸ் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். வெள்ளிக்குப் பதில் ட்ரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2016இல் அமெரிக்காவில் கை கழுவும் சோப்பிலிருந்தே நீக்கச் சொன்ன பொருள் அது.

எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. தீக்காயத்துக்குப் போடும் களிம்பில் வெள்ளி இருக்கிறது. வெந்த தோலில் கிருமி ஏறாமல் காக்கும் மருந்து அது. வெள்ளிக்கே மசியாத சால்மொனெல்லா கிருமி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மருத்துவமனை ஒன்றில், தீக்காயப் பிரிவிலேயே 1970களில் தலைகாட்டியிருக்கிறது. வெள்ளியை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. தீக்காயப் பிரிவுக்கு வேண்டிய மருந்தை சாக்ஸ் நாற்றத்துக்காக ஊர்ச் சாக்கடை முழுக்கத் தூவுவது சரியில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மருத்துவமனை விரிப்புக்கும் புண் கட்டும் துணிக்கும் ஏற்றுங்கள், நானே வந்து கைகொடுக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 செப்டம்பரிலிருந்து கிருமி எதிர்ப்பு என்று சொல்லி விற்கும் துணியின் லேபிளில் என்ன மருந்து என்பதை எழுத வேண்டும். அது நானோ என்றால் அந்தச் சொல்லையும் சேர்த்து அச்சிட வேண்டும். அந்த லேபிளைத் தைப்பது நம் ஊர்த் தையல் மெஷின்தான். நம் ஊர்க் கடையில் தொங்கும் பனியனின் அட்டையில் ‘ஃப்ரெஷ்’ என்ற சொல்லைத் தவிர வேறு விவரம் எனக்குக் கிடைத்ததில்லை. அமெரிக்காவில் கிருமியைக் கொல்லும் வெள்ளி பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2011இல் துணிக்கான ஒரு நானோ வெள்ளி மருந்துக்குக் கொடுத்த நிபந்தனை அனுமதியின் ஒரு பகுதியை 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.

கொழுந்தனாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மருந்து விற்பவர் ‘ஐம்பது சலவைக்குப் பிறகும் வேலை செய்யும்’ என்று சான்றிதழ் காட்டுவார். அந்தச் சோதனை ஐம்பதாவது சலவைக்குப் பிறகு கிருமி சாகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஏற்றியதில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தாலும் கிருமி சாகலாம்; போன ஒன்பது பங்கைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரி இருக்காது. ஆகவே சலவைக்கு முன்னும், பத்து சலவைக்குப் பின்னும் துணியில் எத்தனை வெள்ளி இருக்கிறது என்று அளந்து தரச் சொல்லட்டும். துணியை அமிலத்தில் கரைத்து அளக்கும் வசதி கோவையிலேயே இருக்கிறது. பாதிக்கு மேல் போகிறதென்றால் அந்த மருந்தை மறுக்கட்டும், அல்லது இழைக்குள்ளேயே வெள்ளி வைத்த நூலைப் பையரிடம் கேட்கட்டும். விலை கூடும், ஆனால் போட்டது துணியில் நிற்கும்.

இன்னொன்று, இதை இன்றைக்கே பார்க்கலாம். லாட் முடிந்ததும் பேடிங் மேங்கிள் தொட்டியில் மருந்து மிச்சம் நிற்கும். துணியில் ஏறியதைவிட அடர்த்தி குறையாத மருந்து அது. அடுத்த நிறத்துக்கு அவசரம் என்று ஆள்கள் வால்வைத் திறந்து விட்டுவிடுவார்கள். பல சலவைகளில் துளித்துளியாக இறங்க வேண்டிய வெள்ளி ஒரே நிமிடத்தில் போய்விடும். மிச்சத்தைக் கேனில் பிடித்து, மூடி, அடுத்த லாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், காசும் மிச்சம். அந்த வால்வுக்குக் கீழே போகும் குழாய் சுத்திகரிப்பு நிலையக் குழாயோடு சேர்கிறதா, இல்லை மழைத் தண்ணீர் போகும் பக்கவாட்டு வாய்க்காலில் சேர்கிறதா என்று அவரையே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.